வட்டமாக உட்காருகிறவர்களுக்கு எப்படி சார்ட் போடுவது?

புள்ளிக்கோலம்:

மருத்துவத் தரவுகளை வைத்து டாஷ்போர்டு, அதாவது எண்களையும் சார்ட்டுகளையும் ஒரே திரையில் காட்டும் பலகை, செய்து கொடுப்பது என் வேலை. இத்தனை வருடமும் அவற்றைப் பார்த்தவர்கள் நிர்வாகிகள்தான். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "சிவப்பு எங்கே இருக்கிறது?" அதைக் காட்டிவிட்டால் கூட்டம் முடிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு முன் வேறு மாதிரி ஒரு வேலை வந்தது. சர்க்கரை நோய் உள்ள 19 பேர் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். மருத்துவர் யாரும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து அந்த வாரம் நடந்ததைப் பேசுவார்கள், அவ்வளவுதான். ஒருவருக்கு வந்த நோய் அவர் உடம்போடு முடிவதில்லை, வீட்டுக்கும் வேலைக்கும் துக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு, தீர்ப்பதும் எல்லோருமாகச் சேர்ந்துதான் என்பது அவர்கள் நம்பிக்கை. குழுவில் மூத்தவரான ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எங்கள் அளவுகளை எங்களுக்கே படமாகக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

தெரிந்ததைச் செய்தேன். ஆளுக்கு ஒரு கோடு. இலக்குக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஓரத்தில், யார் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்று ஒரு வரிசை. பெயர் போடவில்லை, எண் மட்டும்தான். திரையில் போட்டதும் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், "ஏழாம் நம்பர் நான்தான்" என்று சொல்லிச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. ஏழாம் நம்பர் அதில் ஒருவர்.

கணக்கில் பிழை இல்லை, மூன்று முறை சரிபார்த்தேன். தவறு நிறத்திலா? வரிசையிலா? அல்லது இப்படிப்பட்ட ஒரு வட்டத்துக்குள் சார்ட் என்று ஒன்றைக் கொண்டுபோனதே தவறா?

நத்தை:

வரிசையை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும். இதற்கு ஏன் தத்துவம்?

இரண்டாம்ஷிப்ட்:

நான் செவிலியர். வரிசையை மட்டும் எடுத்தால் போதாது, நத்தை.

முதலில் எண். வாராவாரம் முகம் பார்க்கிற 19 பேருக்குள் எண் எதையும் மறைக்காது. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் தரவுகளை வெளியிடும்போது 1 முதல் 10 வரையான எண்ணிக்கை வந்தால் அந்தக் கட்டத்தை மறைத்துவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. சிறிய எண் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்தான். உங்கள் சார்ட்டில் ஒவ்வொரு கோடும் ஒரே ஓர் ஆள். யார் போன மாதம் மருத்துவமனையில் படுத்திருந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாதத்தில் எந்தக் கோடு எகிறியது என்று பார்த்தால் முடிந்தது.

அடுத்தது, எதை வரைந்தீர்கள்? வீட்டில் குத்திப் பார்க்கிற அளவையா, எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையின் அளவையா? வீட்டு அளவு ஒரே நாளில் பல முறை ஏறி இறங்கும். தூக்கம் கெட்டாலும் ஏறும், சளிக் காய்ச்சல் வந்தாலும் ஏறும். எச்பிஏ1சி கிட்டத்தட்ட கடைசி இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லும், ஏனென்றால் அது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது, சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதை வாரக் கோடாக இழுத்தால் ஒன்றுமில்லாததை நகர்வதுபோலக் காட்டுகிறீர்கள். இரண்டில் எதுவானாலும், ஒரு வாரத்தின் சிவப்பை வைத்து ஒரு மனிதர் தன்னைத் தோற்றவராக எடுத்துக்கொள்ள எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

அந்த ஏழாம் நம்பர் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாராவது கேட்டீர்களா?

புள்ளிக்கோலம்:

வீட்டு அளவின் வாரச் சராசரி. கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் மனைவி இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் சார்ட்டுக்குத் தெரியாது.

பழையகணக்கு:

ஒரு சார்ட்டைப் பார்க்கும்போது, அது யாருடைய கண்ணுக்காகப் போடப்பட்டது என்று கேட்பது என் வழக்கம்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வட்ட வரைபடம் எல்லோருக்கும் தெரியும். கிரீமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களே மிக அதிகம் என்று நீலத்தில் காட்டினார். மகத்தான வேலை. ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர்கள் அமைச்சர்களும் ராணுவ அதிகாரிகளும். படத்தில் நீலமாக இருந்த சிப்பாய்கள் அதன் வாசகர்கள் அல்ல. மேலே இருப்பவரை உலுக்க அந்தப் படம், அதனால்தான் அதில் அத்தனை பளிச். புள்ளிக்கோலம், நீங்களும் நானும் கற்றுக்கொண்டது இந்த மரபைத்தான். மேலே இருப்பவருக்காகச் செய்த கருவியை, உள்ளே இருப்பவர்கள் நடுவில் வைத்துவிட்டீர்கள்.

வேறொரு மரபும் உண்டு. வட அமெரிக்கச் சமவெளியில் லகோட்டா, டகோட்டா மக்கள் "குளிர்காலக் கணக்கு" என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு படம். எந்த நிகழ்ச்சியைப் படமாக்குவது என்று மூத்தவர்கள் கலந்து பேசி முடிவு செய்வார்கள். கணக்கைப் பாதுகாப்பவர் ஒருவர் அதை விலங்குத் தோலில் வரைவார். லோன் டாக் என்பவர் வைத்திருந்த கணக்கு 1800-இல் தொடங்கி 1871 வரை போகிறது, நடுவிலிருந்து சுருள் சுருளாக. அதில் 1801-02 குளிர்காலத்துக்கு உள்ள படம், உடம்பு முழுக்கச் சிவப்புப் புள்ளி உள்ள ஒரு மனிதன். பெரியம்மை. 1818-19-க்கும் அதேபோல ஒன்று, அது தட்டம்மை.

எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தப் படம் சொல்லாது. கணக்கைப் பாதுகாப்பவர் கூட்டத்தின் நடுவே படத்தைத் தொட்டுக்காட்டி அந்த ஆண்டின் கதையைச் சொல்லுவார். படம் பாதி, சொல்லுகிறவரும் கேட்கிறவர்களும் மீதி. நோய் தனி ஆளின் கோடாக இல்லாமல் "நாம் எல்லோரும் சேர்ந்து கடந்துவந்த ஆண்டு" என்று பதிவானது. நோய்த் தரவின் படம் என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

நத்தை:

அழகாக இருக்கிறது. ஆனால் அந்தத் தோல் ஓவியத்தால் பெரியம்மை நின்றதா? லண்டனில் 1854-இல் ஜான் ஸ்னோ காலரா சாவுகளை வரைபடத்தில் குறித்தார், பெரும்பாலானவை ஒரே தெரு அடிகுழாயைச் சுற்றி இருந்தன, அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அதன் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதுதான் தரவுப் படம் செய்ய வேண்டிய வேலை. சேர்ந்து உட்கார்ந்து அழுவதை நான் குறைசொல்லவில்லை. அதை மருத்துவம் என்று சொல்லாதீர்கள்.

வெறும்வாசகர்:

நத்தை, அந்தக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். கைப்பிடியைக் கழற்றிய செப்டம்பர் 8-க்கு முன்பே சாவுகள் குறையத் தொடங்கியிருந்தன. அந்த வரைபடம் வந்ததும் அதற்குப் பிறகுதான். அதைவிட முக்கியம், ஹென்றி வைட்ஹெட். அந்தப் பகுதியின் இளம் பாதிரியார். ஸ்னோ சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் கிளம்பினார். வீடு வீடாகப் போனார், ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அவரை எல்லோருக்கும் தெரியும், அதனால் பேசினார்கள். கடைசியில் ஸ்னோவுக்குக் கிடைக்காத முதல் நோயாளியைக் கண்டுபிடித்தது அவர்தான். குழாய்க்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. அதன் துணி அலசிய தண்ணீர் போன கழிவுக்குழி, அந்தக் குழாயின் கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் இருந்தது.

புள்ளி எங்கே என்று படம் சொன்னது. அந்தப் புள்ளிக்குள் என்ன நடந்தது என்று, அந்தத் தெருவோடு பழகியவருக்குத்தான் சொன்னார்கள்.

நத்தை:

வைட்ஹெட் பற்றித் தெரியாது. ஏற்கிறேன். ஆனாலும் அவர் செய்தது விசாரணை, சிகிச்சை இல்லை.

எட்டாம்பக்கம்:

நியூசிலாந்தின் மாவோரி மருத்துவர் மேசன் டியூரி 1980-களில் முன்வைத்த மாதிரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆரோக்கியத்தை நான்கு சுவருள்ள வீடாகப் பார்க்கிறார்: உடல், மனம், ஆன்மிகம், குடும்பமும் சுற்றமும். வீடு நிற்கிற இடம் நிலம். ஒரு சுவர் விழுந்தால் மற்ற மூன்றும் நன்றாக இருந்து பயனில்லை, வீடு சாயும்.

இதை அப்படியே தரவுப் படமாக மாற்றலாம் என்று எனக்கும் ஒரு காலத்தில் ஆசை வந்தது. வேலை பார்த்த இடத்தில் நடுவிலிருந்து பிரியும் நான்கு அச்சுள்ள சிலந்திவலைச் சார்ட் செய்தேன், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். மேலிடத்துக்கு ஒரே எண் வேண்டும் என்றார்கள், நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தேன். அதோடு அந்தத் தத்துவம் செத்தது. சராசரியில் ஒரு சுவர் விழுந்ததை இன்னொரு சுவர் ஈடுகட்டிவிடும். குடும்பத்தோடு உறவே அறுந்துபோனவர், உடம்பு கல்லுப்போல இருந்ததால் 7.2 வாங்கினார். குறைந்தபட்சம், நான்கில் மிகக் குறைவானது எது என்றாவது காட்டியிருக்க வேண்டும். அதுகூட அரைகுறைதான். ஆன்மிகத்துக்குப் பத்துக்கு ஆறு போட நான் யார்?

சிலந்திவலைச் சார்ட்டைப் பற்றித் தனியாகப் புலம்பலாம். அச்சுகளின் வரிசையை மாற்றினாலே வடிவமும் பரப்பும் மாறிவிடும். நிற்க.

இந்த மாதிரிகளில் எதையும் நான்கு கட்டமாகக் கிழித்துப் படிவத்தில் ஒட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதைப் பின்பற்றுகிறவர்கள் அதை மதிப்பெண் பட்டியலாக வைத்திருக்கவில்லை. பேச்சைத் தொடங்க ஓர் இடமாக வைத்திருக்கிறார்கள்.

வெறும்வாசகர்:

நான்கு என்றதும் எனக்குக் குறள்தான் நினைவு வருகிறது. "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்என்று அப்பால்நாற் கூற்றே மருந்து." நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம். நாம் போடுகிற சார்ட்டுகளில் உற்றவன் மட்டும்தான் இருக்கிறான், அதுவும் அவனுடைய ரத்தம் மட்டும். உழைச்செல்வானுக்கு ஒரு புள்ளியாவது யாராவது வைத்திருக்கிறீர்களா?

இரண்டாம்ஷிப்ட்:

இல்லை. எங்கள் நோயாளிக் குறிப்பேட்டில் வெப்பம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இடமில்லை. அவர் வராத நாளில் அளவுகள் கெடுவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேட்டால் அது தரவு இல்லை, அனுபவம் என்பார்கள்.

நத்தை:

சரி, சான்று கேட்டவன் நானே ஒன்று தருகிறேன். ஜிம்பாப்வேயின் "நட்பு இருக்கை". மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006-இல் ஹராரேயில் 14 பாட்டிமாரோடு தொடங்கியது. மரத்தடியில் ஒரு பெஞ்ச், பயிற்சி பெற்ற பாட்டி ஒருவர், உட்கார்ந்து பேச்சு. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல் அங்கே ஒட்டவில்லை. ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா", அதாவது அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது. அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆனால் கவனியுங்கள், அளவிட்டார்கள். ஷோனா வழக்கிலேயே அமைந்த 14 கேள்விகள், ஆம் இல்லை பதில். ஒன்பது அல்லது அதற்கு மேல் "ஆம்" சொன்னவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 24 கிளினிக், 573 பேர். ஆறு மாதம் கழித்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் சராசரி 3.81, வழக்கமான சிகிச்சையைக் கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்த மற்றவர்களுக்கு 8.90. 2016-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பெஞ்ச் முடிந்தவர்கள் பிறகு வட்டமாகக் கூடுகிற குழுக்களிலும் சேர்கிறார்கள்.

ஆக, சேர்ந்து ஆற்றிக்கொள்வதும் எண்ணுவதும் எதிரிகள் இல்லை. அந்த மக்கள் தங்கள் வலியை எந்தச் சொல்லில் சொல்கிறார்களோ அதிலிருந்து கேள்வியை எடுத்தார்கள். புள்ளிக்கோலம், உங்கள் குழு என்ன சொல்லில் பேசுகிறது? "வாரச் சராசரி" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

புள்ளிக்கோலம்:

இல்லை. "இந்த வாரம் தாங்கினேன்", "இந்த வாரம் தாங்கவில்லை" என்பார்கள்.

எட்டாம்பக்கம்:

அது போதுமே. இதைவிட நல்ல அச்சு உங்களுக்குக் கிடைக்காது.

இரண்டாம்ஷிப்ட்:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்திருப்பது எப்போதும் இதமாக இருக்காது.

வங்கதேசத்தில் 2000-ஆம் ஆண்டில் கமல் கர் தொடங்கிய சுகாதார முறை ஒன்று உண்டு. ஊர்மக்களே தரையில் கலர்ப்பொடியால் தங்கள் ஊரின் படம் போடுவார்கள். யார் வீடு எங்கே, யார் எங்கே வெளிக்குப் போகிறார்கள் என்று குறிப்பார்கள். சேர்ந்து வரைந்த படம், சேர்ந்து எடுத்த முடிவு, பல நாடுகளுக்குப் பரவியது. வேலையும் செய்தது. ஆனால் அந்தப் படத்தின் எரிபொருள் வெட்கம். கழிப்பறை கட்ட வசதியில்லாதவர்கள் மீது அழுத்தமும் மிரட்டலும் விழுந்தது என்று கடும் விமர்சனம் வந்தது.

என் வார்டில் எச்ஐவி உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நோயைவிடப் பெரிய பயம், சுற்றத்துக்குத் தெரிந்துவிடுமோ என்பது. அவர்களிடம் போய் "உன் நோய் எல்லோருடையதும்" என்று சொன்னால் அது மிரட்டல். வட்டத்தில் சேராமல் இருக்கவும், சேர்ந்தாலும் புள்ளியாகாமல் இருக்கவும் வழி இருக்க வேண்டும்.

இன்னொன்று. வட்டத்தில் சொன்னது காற்றோடு போகும். சார்ட்டில் ஏறினது போகாது. கூடிப் பேசுகிறவர்கள் "இங்கே பேசியது இங்கேயே" என்று ஓர் ஒப்பந்தத்தோடு பேசுகிறார்கள். நீங்கள் அதைக் கோப்பாகச் சேமித்த அந்த நொடியில் ஒப்பந்தம் உடைகிறது. அந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது?

புள்ளிக்கோலம்:

என் மடிக்கணினியில். கிளவுடிலும் ஒரு நகல். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பழையகணக்கு:

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாசுபாய் மக்கள் சாட்சி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் சிறிய பழங்குடி. நீரிழிவு ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு பற்றியும், நெருங்கிய உறவுக்குள் மணம் பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியுமான ஆய்வுகளுக்குப் போனது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. வழக்குப் போட்டார்கள். 2010-இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது, மீதமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன. அந்த ரத்தத்தை அவர்கள் வெறும் மாதிரியாகப் பார்க்கவில்லை என்பதைத் திரும்பக் கேட்டதிலேயே புரிந்துகொள்ளலாம்.

கனடாவில் முதல் குடிகள் எனப்படும் பழங்குடிகள் 1998-லேயே தங்களைப் பற்றிய தரவு தங்களுக்கே சொந்தம், தங்கள் கட்டுப்பாட்டில், தங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில், தங்கள் வசமே இருக்க வேண்டும் என்று நான்கு விதி வகுத்தார்கள். உங்கள் 19 பேர் பழங்குடி இல்லை. ஆனால் அந்த நான்கும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். முதலில் கிளவுட் நகலை அழியுங்கள்.

நத்தை:

முதலில் அவர்களைக் கேட்டுவிட்டு அழியுங்கள். உங்கள் இஷ்டத்துக்குச் சேமித்தது ஒரு தவறு, உங்கள் இஷ்டத்துக்கு அழிப்பது இன்னொன்று.

பழையகணக்கு:

ஆமாம். அதுதான் சரி.

புள்ளிக்கோலம்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கணினி இல்லாமல் போனேன். பெரிய வெள்ளைத்தாள் ஒன்று, நாலைந்து நிறப் பேனா. முதலில் மன்னிப்புக் கேட்டேன், கோப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னேன். பேசி முடித்து அழிக்கச் சொன்னார்கள், அங்கேயே அழித்தேன். பிறகு "என்ன பார்க்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பத்து வருடத்தில் ஒரு கூட்டத்தில் நான் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை.

சர்க்கரை அளவு வேண்டாம் என்றார்கள். அதை அவரவர் மருத்துவரிடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி வந்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஓர் எண் மட்டும் போடலாம் என்று முடிவானது. சராசரி எடுத்தால் ஒருவருடைய மோசமான அளவு மொத்தத்தையும் இழுத்துவிடும், அவர் யார் என்று தெரிந்தும்விடும். அதனால் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்போம் என்று விளக்கினேன், ஒப்புக்கொண்டார்கள். மடித்த சீட்டுகளில் எழுதிப் போடுவார்கள், நான் எண்ணிவிட்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போட வேண்டும்.

தாளில் வட்டமாக ஆளுக்கு ஓர் இடம் வைத்தார்கள், உட்காருகிற மாதிரியே. அந்த வாரம் தாங்கியவர், தாங்காத ஒருவருக்குத் துணையாக இருந்திருந்தால், தன் இடத்திலிருந்து அவர் இடத்தை நோக்கி ஒரு கோடு இழுக்கிறார். சேர்ந்து நடந்தது, போன் செய்தது, கண் மருத்துவரிடம் துணைக்குப் போனது, எதுவானாலும் சரி. குறள் விஷயத்தைச் சொன்னேன். உடனே ஒருவர் தன் மகளுக்கு வட்டத்துக்கு வெளியே ஓர் இடம் வைத்தார். அப்புறம் ஆளாளுக்கு வைத்தார்கள். கணவர், பக்கத்து வீட்டுக்காரர், ஒருவருக்கு அவர் நாய். இப்போது வெளிவட்டம் உள்வட்டத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஒரு பெண் தனக்கு இடம் வேண்டாம் என்றார். இரண்டாம்ஷிப்ட் சொன்னது நினைவிருந்ததால் நான் வாய் திறக்கவில்லை, மற்றவர்களும் வற்புறுத்தவில்லை. அவர்தான் இப்போது பேனா பிடிக்கிறார்.

மூன்றாம் வாரமே ஒன்று கண்ணில் பட்டது. ஓர் ஓரத்தில் நான்கு பேர், அவர்களுக்குக் கோடு போகவே இல்லை. நால்வரும் பேருந்து மாறி வருகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் ஓடுகிறவர்கள். யாரும் திட்டமிட்டு ஒதுக்கியதில்லை. அரை மணி நேரம் முன்னதாகக் கூடுவது என்று மாற்றினார்கள். என் பழைய டாஷ்போர்டு நூறு வருடம் ஓடியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

வராமல் போன இருவருக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். ஏழாம் நம்பர் இன்னும் வரவில்லை. அவர் இடத்தை நோக்கி இதுவரை ஆறு கோடுகள் போயிருக்கின்றன, திரும்பி ஒன்றும் வரவில்லை. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாசலில் நின்று பேசினார், உள்ளே கூப்பிடவில்லை. அந்தக் கோட்டை நான் தாளில் போடவில்லை. போடலாமா என்று தெரியவில்லை.

எட்டாம்பக்கம்:

போடாதீர்கள். அவரிடம் கேட்காமல் வேண்டாம், அது உங்கள் கோடு மட்டும் இல்லை.

இரண்டாம்ஷிப்ட்:

மறுபடியும் போய்ப் பாருங்கள். தாளுக்காக இல்லாமல்.

நத்தை:

இவ்வளவு சொன்ன பிறகு படத்தைக் காட்டாமல் போனால் எப்படி? ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன். பெயரை மறைத்துவிட்டுத்தான்.

புள்ளிக்கோலம்:

நேற்று கேட்டேன். எதற்கு என்றார்கள். உங்களைப் பற்றிப் பேசுகிற சிலர் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான், பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றேன். அந்த அம்மா தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டே, "அவர்களை வரச் சொல்லுங்கள், உட்கார இடமிருக்கிறது" என்றார்.